ஐப்பசி மழையிலும் அறுந்துபோகாத நெட்

போன வருஷம் ஐப்பசியில், முத்தாலம்மன் கண் திறக்கிற அந்த நிமிஷத்தில், எங்கள் வீட்டு டிவியில் வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தை பாயில் உட்கார்ந்து கைகூப்பியபடி காத்திருந்தார். படம் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, அம்மனைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கிளம்பியிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

என் மாமியாருக்கு 76 வயது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, 19 வயதில் கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறி வந்தவர். அவர் ஊர்த் திருவிழாவில் அம்மனை மண்ணால் செய்வார்கள். கண் திறந்து, ஊரே கும்பிட்டு, மறுநாள் பூஞ்சோலைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஐப்பசி வரைக்கும் அம்மனுக்கு உருவமே கிடையாது. அதனால்தான் கண் திறந்து திரை விலகுகிற நொடி அத்தைக்கு அவ்வளவு முக்கியம். முன்பெல்லாம் தவறாமல் போய் வருவார். முட்டி தேய்ந்த பிறகு வத்தலக்குண்டு இறங்குகிற வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து வர முடிவதில்லை. ஊர்ப் பையன்கள் சில வருஷமாகத் திருவிழாவை யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள். எங்கள் கூரையில் டிடிஎச் தட்டு இருக்கிறது, ஆனால் அதில் இந்த அம்மன் வரமாட்டாள். ஆக, நெட் வேண்டும். ஐப்பசி மழைக்கு நடுவிலும் நிற்கிற நெட்.

எங்கள் வீடு தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு போகும் பாதையில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மூன்று ஏக்கர். காப்பி, மிளகு, ஊடே மலைவாழை. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் முள்முருங்கையும். இந்த நிழல்தான் காப்பிக்கு உயிர், போன் சிக்னலுக்கு எதிரி. இலை சிக்னலை விழுங்கும், நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும். வெயில் நாளில் இரண்டு கோடு காட்டும் போன், மழை பிடித்தால் ஒன்றுமில்லை என்று காட்டும்.

அதைவிட எனக்குப் புரியாமல் இருந்தது வேறு. தோட்டத்தின் விளிம்பில் பாறை மேல் நின்றால் கீழே மருதாநதி அணை, அய்யம்பாளையம், ராத்திரியில் வத்தலக்குண்டு விளக்குகள் எல்லாம் தெரியும். அங்கே போனில் கோடு முழுசாக நிற்கும். ஆனால் வீடியோ நகராது. திண்டுக்கல்லில் டவர் பராமரிப்பு வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் லீவுக்கு வந்தபோது விளக்கினான். உயரத்தில் நிற்பதால் சமவெளியில் இருக்கும் பத்துப் பதினைந்து டவர் ஒரே சமயத்தில் நம் போனுக்குக் கேட்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் புரியாது, அப்படித்தான். கோடு என்பது சத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும், தெளிவு எவ்வளவு என்று சொல்லாது. மலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டைப் பார்த்து சிம் மாற்றி மாற்றி நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

அவன் சொன்னபடி போனை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து அளந்தோம். காப்பி காயப்போடும் களம்தான் திறந்த வெளி. களத்து ஓரத்துக் குடோன் மேல் ஒரு ஜிஐ பைப்பை நட்டு, உள்ளூர் டவர் ஒன்றை மட்டும் பார்க்கும்படி ஆன்டெனாவைத் திருப்பி, 4ஜி ரவுட்டர் வைத்தோம். எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் ஆனது. காலையில் விநாடிக்கு 8 மெகாபிட் வேகம் வந்தது, சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் 1 மெகாபிட்டுக்கு இறங்கியது. சுற்று வட்டாரம் முழுக்க அந்த ஒரே டவரை நம்பித்தான் படம் பார்க்கிறது. கண் திறப்பும் ராத்திரியில்தான்.

நல்ல தெளிவான படத்துக்கு 5 மெகாபிட் போதும். கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை என்றால் 3 கூடப் போதும். 2023 முதல் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று விதி, அதற்கு முன் 512 கிலோபிட்தான். அதனால் நூறு, இருநூறு என்று விளம்பரத்தில் போடுகிற எண் எனக்குத் தேவையே இல்லை. தேவை, நாலு மணி நேரம் அசையாமல் நிற்கும் 5. இன்னொரு கணக்கும் உண்டு. 5 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டேகால் ஜிபி போய்விடும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் 40 நிமிஷம்தான் தாங்கும். அம்மன் கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் பேக் தீர்ந்துவிடும்.

சாட்டிலைட் நெட்டையும் விசாரித்தேன். பழைய வகை சாட்டிலைட் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. போய்த் திரும்ப அரை விநாடிக்கு மேல் ஆகும், படம் பார்க்கலாம், முகம் பார்த்துப் பேசினால் தடுமாறும். விலையும் நமக்குக் கட்டாது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புது வகை, நான் கேட்ட சமயத்தில் இங்கே வாங்கும்படி வரவில்லை. சரி, ஃபைபர்தான் என்று முடிவு செய்தேன்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகத் திட்டம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வருவது வேறு, அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கும் அடுப்படிக்கு வருவது வேறு. முதலில் ஒரு தனியார் நிறுவனம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. ஐந்து மாதம் ஆள் வரவில்லை. போன் செய்தால் வேறு வேறு ஊரிலிருந்து வேறு வேறு குரல், "உங்கள் பின்கோடில் சேவை உண்டு மேடம்" என்று சொல்லும். பின்கோடில் உண்டு, பாதையில் இல்லை. பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் வழி காட்டியது, எங்கள் பகுதியில் முன்பு கேபிள் டிவி நடத்தி, இப்போது ஃபைபரும் கொடுக்கும் தம்பி. அவர் நேராகப் பேசினார். "ஒரு வீட்டுக்காக 1,400 மீட்டர் இழுத்தா எனக்குக் கட்டாதுக்கா. வழியில இருக்கிற வீடுகளைச் சேருங்க, நான் இழுக்கிறேன்." அடுத்த இரண்டு ஞாயிறு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் பிள்ளைக்கு நீட் வகுப்பு, இன்னொன்றில் துபாயில் இருக்கும் மகன், இன்னொன்றில் மிளகு விலையை உடனுக்குடன் பார்க்க வேண்டும். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஏழு வீடு சேர்ந்தது. தலைக்கு 3,500 ரூபாய். என் வீட்டுக்காரர் கம்பம் நடக் குழி தோண்டினார், பக்கத்துத் தோட்டக்காரர் தன் டிராக்டரில் கம்பங்களை ஏற்றி வந்தார்.

தூரம் அதிகம், வேகம் குறையுமோ என்று பயந்தேன். லைன்மேன் தம்பி சிரித்துவிட்டு, ஃபைபரில் வெளிச்சம் 20 கிலோமீட்டர் வரை போகும் என்றார். தூரம் பெரிய விஷயமே இல்லை. எத்தனை வீட்டுக்குப் பிரிக்கிறோம், எத்தனை ஜாயிண்ட், எங்கே மடங்குகிறது, இதுதான் விஷயம். எட்டு வீட்டுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான். அவர் கையில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எங்கள் வீட்டில் மைனஸ் 22 காட்டியது. "மூணு குறைஞ்சா வெளிச்சம் பாதியாயிருச்சுன்னு அர்த்தம். மைனஸ் 27ஐத் தாண்டினா பெட்டிக்குக் கண்ணு தெரியாது. 25 வந்தாலே எனக்குக் கூப்பிடுங்கக்கா." இந்த எண்ணை வீட்டிலிருந்தே, மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைப் போனில் திறந்து பார்க்கலாம். வாரம் ஒரு தடவை பார்த்துப் பழைய டைரியில் குறித்துவைக்கிறேன்.

அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. ஆடியில் ஒரு நாள் மைனஸ் 26 ஆனது. நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நான் கூப்பிட்டுவிட்டேன். பார்த்தால், மூன்றாவது வீட்டில் வெள்ளையடிக்க வந்தவர்கள் மிச்சக் கேபிளை இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி இழையை இறுக்கி மடக்கினால் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். சுருளைத் தளர்த்தி அகலமாகக் கட்டியதும் மீட்டர் 22க்குத் திரும்பியது.

அறுந்தும் போயிருக்கிறது. ஒரு தடவை, பாதைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கிய இடத்தில் காட்டுமாடு கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை எங்கள் ஆட்களே சில்வர் ஓக் கவாத்துப் பண்ணும்போது கிளையோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். காட்டுமாட்டுக்காகவும் வாழைத்தார் ஏற்றும் லாரிக்காகவும் அந்த இடத்தில் கம்பத்தை உயர்த்தினோம். கவாத்துக்கு, என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, கேபிள் போகிற மரத்தில் எல்லாம் நானே ஒரு துண்டு கட்டிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் வெட்டுப்படவில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் அறுந்தது என்று அர்த்தம், அப்போது அணைத்துப் போட்டுப் பிரயோஜனமில்லை, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அவர் தாண்டிக்குடியில் இருக்கிறார், அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். ஃபைபர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, லைன்மேன் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதுதான்.

கரண்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைமேல் ஏறி வந்தபோது மரங்கள் விழுந்து எங்களுக்கு ஒன்பது நாள் கரண்ட் இல்லை. அது தெரிந்த யாரும் மழைக்காலத்தில் கரண்ட்டை நம்பமாட்டார்கள். ஃபைபரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்ட்டே வேண்டாம், வெறும் கண்ணாடிதான். இரண்டு முனையில் மட்டும் இருந்தால் போதும். அந்த முனையில் கேபிள்காரத் தம்பி பேட்டரி, ஜெனரேட்டர் வைத்திருக்கிறார். இந்த முனையில் மோடம் 12 வோல்ட்டில் ஓடுவதால் உள்ளங்கை அளவு மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். மோடம் மூன்றரை மணி நேரம் நிற்கிறது. டிவி வீட்டு இன்வெர்ட்டரில்.

வீடு பழைய கல் சுவர். வைஃபை அத்தை அறைக்குள் போகவே மாட்டேன் என்றது. 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி டிவிக்கு நேராக இழுத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

மிச்சம் இருந்தது அந்தப் பக்கம். எங்கள் நெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அனுப்புகிற பையன்களின் போன் திணறினால் இங்கேயும் திணறும். திருவிழாக் கூட்டத்தில் எல்லார் கையிலும் போன், டவர் தாங்காது. அத்தையின் தம்பி பேரனிடம் புரட்டாசியிலேயே பேசிவிட்டேன். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஃபைபர் இருக்கிறதாம். அங்கிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துக்கொண்டு வந்து மடிக்கணினியில் செருகி விட்டார்கள்.

இந்த ஐப்பசியில் அந்த ராத்திரி நல்ல மழை. எட்டரைக்குக் கரண்ட் போனது. இருட்டில் மோடத்தின் பச்சை விளக்குகள் அப்படியே நின்றன. டவரில் சிக்னல் போயிருந்தது, என் போனில் ஒரு கோடும் இல்லை. டிவியில் மேளச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. படத்தின் தரத்தை 480லேயே நிறுத்தி வைத்திருந்தேன், ஏறி இறங்கித் தடுமாற வேண்டாம் என்று. அத்தை குளித்து, கண்டாங்கி கட்டி, டிவிக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. அம்மன் பார்த்தாள். அத்தை குலவையிட்டார். இந்த வீட்டில் நான் வந்து 22 வருஷத்தில் அவர் குலவையிட்டுக் கேட்டதே இல்லை. அடுப்படியில் இருந்த என் மகள் ஓடி வந்தாள், வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை என் கையைப் பிடித்தார். "அதைத் திருப்பிக் காட்ட முடியுமா?" முடியும் என்று பின்னால் நகர்த்தினேன். அம்மனுக்கு என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், கூட்டத்தில் வலது ஓரம் முளைப்பாரியோடு நின்ற ஒரு கிழவி மேல் விரலை வைத்தார்.

"இவ என்கூட நாத்து நட்டவ. இருக்காளா இன்னும்? தம்பி பேரனைக் கூப்பிட்டு அவ நம்பரைக் கேளு."