யார் வந்தாலும் சரி என்றால் யாருக்கு இடம்?

எந்தப் பிள்ளை யாரிடம் படிப்பது என்று சோடி சேர்ப்பதுதான் மூன்று வாரமாக இரவில் உட்கார்ந்து செய்த வேலை. இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் 23 பிள்ளைகள். சனிக்கிழமை பின்னேரம் படிச்சுக் கொடுக்க முன்வந்த அக்கா, அண்ணாமார் 24 பேர். ஒருவருக்கு ஒரு பிள்ளை. போய்வர முடிந்த இடங்களில் இருப்பவர்களை மட்டும் பிள்ளைகள் விருப்ப வரிசைப்படி எழுதித் தந்தார்கள். பஸ்ஸை நம்பியிருக்கும் பிள்ளையின் பட்டியல் இரண்டு மூன்று பெயரோடு முடிந்துவிடுகிறது. படிப்பிப்பவர்கள் அப்படி வரிசை போடவில்லை. கணிதத்தில் பின்தங்கியவர்கள் முதலில், மற்ற எல்லாரும் சமம் என்றார்கள். "யார் வந்தாலும் படிச்சுக் கொடுப்பேன் அண்ணே" என்றுதான் முக்கால்வாசிப் பேரும் சொன்னார்கள்.

1962இல் டேவிட் கேலும் லாய்ட் ஷாப்லியும் தந்த முறையை முதலில் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதினேன். பிள்ளை தன் பட்டியலின் மேலிருந்து ஒவ்வொருவராகக் கேட்கும். கேட்கப்பட்டவர் கையிலிருப்பவரை விடப் பொருத்தமானவர் வந்தால் மாற்றிக்கொள்வார். இப்போது இருப்பதை விட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் ஒரு பிள்ளையும் ஆசிரியரும் மிஞ்சாவிட்டால் அது நிலையான இணைப்பு. இந்த முறையில் சமன், அதாவது இருவரை ஒரே இடத்தில் வைப்பது, கூடாது, கண்டிப்பான வரிசை வேண்டும். அதனால் சமமானவர்களைப் பதிவேட்டு இலக்கப்படி வரிசைப்படுத்திவிட்டேன். 18 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கேட்கும் ஒழுங்கை மாற்றி மாற்றி ஓட்டினேன், அதே 18. வரிசை கண்டிப்பாக இருந்தால் எந்த நிலையான இணைப்பை எடுத்தாலும் இடம் பெறுபவர்கள் ஒரே ஆட்கள்தான் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆக, எந்த ஐந்து பிள்ளைகள் வெளியே என்று முடிவு செய்தது நான் போட்ட இலக்க வரிசை.

அந்த ஐவரில் ஒரு தங்கச்சியின் பட்டியலில் ஒரே பெயர், டிக்கோயா என்ற ஊரில் படிப்பிக்கும் அக்கா. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருப்பார், பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) தம்பியைக் கூட்டிவர வேண்டும், தூரம் போக முடியாது. பக்கத்து ஊரான நோர்வூட்டின் தம்பி ஒருவனுக்கும் டிக்கோயா அக்காதான் முதல் விருப்பம், அடுத்தது நோர்வூட் அக்கா. டிக்கோயா அக்காவுக்கு இருவரும் சமம். பதிவேட்டில் தம்பி முந்தியவன் என்பதால் இடம் அவனுக்குப் போனது. தங்கச்சிக்கு இடமில்லை, நோர்வூட் அக்காவோ சும்மா இருக்கிறார். தம்பி நோர்வூட்டுக்குப் போனாலும் இணைப்பு நிலையானதுதான், ஏனென்றால் டிக்கோயா அக்காவுக்கு அவன்மேல் தனி விருப்பம் இல்லை. இரண்டுமே நிலையானவை. ஒன்றில் ஒரு பிள்ளை படிக்கும், மற்றதில் இரண்டு. அந்த அக்கா சொன்ன "யார் வந்தாலும்" எவ்வளவு பெரிய உதவி! அதைத்தான் நான் இலக்கம் போட்டு வீணாக்கியிருந்தேன்.

சமன்களும் அரைகுறைப் பட்டியல்களும் சேர்ந்தால் மிகப் பெரிய நிலையான இணைப்பைக் கண்டுபிடிப்பது என்.பி. கடினம் (எல்லாக் கணக்குக்கும் வேகமாக விடை தரும் முறை எதுவும் தெரியாத வகை) என்று 1999இலேயே காட்டிவிட்டார்கள். அதனால்தான் உச்சத்துக்குக் கிட்டவாவது போகும் தோராய அல்கோரிதங்கள். எந்த நிலையான இணைப்பும் மிகப் பெரியதில் பாதிக்குக் குறையாது. பெரியதிலுள்ள ஒரு ஜோடியின் இருவருமே சிறியதில் தனித்து நின்றால் அந்த இருவரே அதைக் குலைத்துவிடுவார்களே. பாதியிலிருந்து மேலே ஏறுவதுதான் சிரமம்.

சோல்தான் கிராலி 2008இல் தந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியல் முடிந்தும் இடம் கிடைக்காத பிள்ளைக்கு இரண்டாம் தடவை மேலிருந்து கேட்க உரிமை உண்டு. சமமானவர்களுக்குள் இரண்டாம் தடவை வருபவருக்கே முன்னுரிமை. கொப்பித் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பெயர் எழுதி மேசையில் நகர்த்திப் பார்த்தேன். தங்கச்சியின் துண்டு திரும்பவும் டிக்கோயாவுக்கு வந்தது, தம்பியின் துண்டு நோர்வூட்டுக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் சமன் இருந்தால் இந்த முறை மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தரும் என்பது உறுதி. கணினியில் ஓட்டியதும் 21.

இதில் பிள்ளைகள் கேட்கும் ஒழுங்கும் முக்கியம் என்பது பிறகுதான் பிடிபட்டது. க, ச, த என்று மூன்று பிள்ளைகள். க-வின் பட்டியலில் 1ஆம் ஆசிரியர் மட்டும். ச-வுக்கு 2, பிறகு 1. த-வுக்கு 2, பிறகு 3. முதலாம் ஆசிரியருக்கு க-வை விட ச மேல். இரண்டாமவருக்கு ச-வும் த-வும் சமம். த முந்திக் கேட்டால் 2ஐப் பிடித்துக்கொள்ளும், ச 1க்கு இறங்கும். க இரண்டு தடவை கேட்டும் வெளியேதான். ச முந்தினால் மூவருக்கும் இடம். மூன்றில் இரண்டு என்ற எல்லையை இந்தச் சின்ன உதாரணமே தொட்டுவிடுகிறது. பதிவேட்டைத் தலைகீழாகப் புரட்டி ஓட்டினேன், 22!

அதற்கு மேல் முடியுமா என்று, நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதி முழுஎண் விடை தேடும் முழுஎண் நிரலாக்கத்தில் போட்டுப் பார்த்ததில் உச்சம் 22தான். இவ்வளவு சின்னக் கணக்குக்குக் கணினி சரியான விடையையே தந்துவிடும். ஆனாலும் பெற்றோருக்கு விளக்கத் துண்டுத்தாள்தான் வசதி. "உங்கள் பிள்ளை இங்கே கேட்டது, பிறகு இங்கே" என்று விரலால் காட்டலாம்.

மிகப் பெரிய இணைப்பை முறை தரும் இணைப்பால் வகுத்தால் வரும் விகிதம் கிராலியின் முறையில் 3/2ஐத் தாண்டாது. ஒரு பக்கச் சமனுக்கு அந்த எல்லை 2010இல் 25/17, 2014இல் 22/15 என்று இறங்கி, 2019இல் லாமும் பிளாக்ஸ்டனும் 1+1/e வரை, அதாவது ஏறக்குறைய 1.37 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் நேரியல் நிரலாக்கம் (பின்ன விடைகளையும் ஏற்கும் உச்சம் தேடும் கணக்கு) வருவதால் மெதுவாகத்தான் படிக்கிறேன்.

மிஞ்சிய அந்த ஒரு பிள்ளையின் பட்டியலிலும் ஒரே பெயர்தான். மிஞ்சிய அக்காமார் இருவரும் கொட்டகலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், கொட்டகலைக்கு வந்துபோக ஏதாவது வழி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கப் போகிறேன்.