தனி ஆளுக்கு இரட்டைக் கட்டணம்

கப்பல் சுற்றுலா விளம்பரத்தில் "ஒருவருக்கு இவ்வளவு" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஓர் அறையில் இருவர் தங்கினால்தான் அந்தக் கணக்கு. தனியாகப் போனால் காலிக் கட்டிலுக்கும் சேர்த்து, பல நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். கணவரை இழந்தவர், கல்யாணமே வேண்டாம் என்றிருப்பவர், எல்லோருக்கும் இதே தண்டம்தான். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனியாகப் போகிறவர்களுக்கென்றே 128 சிற்றறைகள் வைத்தார்கள். நாலாயிரம் பேர் போகும் கப்பலில்!

பள்ளி விடுமுறையில் விலை ஏறும், அப்போது பிள்ளைகுட்டிக்காரர்கள் கூட்டம். மாதக்கணக்கில் உலகம் சுற்றும் பயணமென்றால் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வேறு யாருக்கு அத்தனை நாள் லீவு கிடைக்கும்?

என் அத்தை சிங்கப்பூர் கப்பலுக்குத் துணை தேடிக்கொண்டிருக்கிறார். குறட்டை விடாதவராக இருந்தால் நல்லதாம்.