பிக்கப்பில் பூஸ்டரை எடுத்துவிட்டு மேனுவல் பிரேக்: இதுவரை செய்த வேலைகள்

கேம் ஷாஃப்டை மாற்றியதிலிருந்து இந்த பிக்கப்பில் பிரேக்தான் பெரிய கவலை. வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் அது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரமும் கூடிவிட்டது. மேல் ஆர்பிஎம்மில் எஞ்சின் அருமையாக இழுக்கிறது. ஐட்லிங்கில் மேனிஃபோல்டு வேக்யூம், அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயில் உண்டாகும் வெற்றிடம், விழுந்துவிடுகிறது. கேஜ் வைத்துப் பார்த்ததில் பாதரசக் கணக்கில் 9, 10 அங்குலத்தைத் தாண்டவில்லை. அந்த வேக்யூமை வைத்துப் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டர் ஒழுங்காகக் கைகொடுக்க 18 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

இதன் விளைவு மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். முதல் மிதிக்கு வண்டி நிற்கும். உடனே இன்னொரு தடவை மிதித்தால் பெடல் கல்லாக இறுகிவிடும். பூஸ்டரில் சேர்ந்திருந்த வேக்யூம் முதல் மிதியிலேயே செலவாகிவிடுகிறது, ஐட்லிங்கில் அது மறுபடி சேர்வதில்லை. காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வையும் ஹோஸையும் சோதித்துவிட்டேன், இரண்டிலும் குறை இல்லை.

வேறு வழிகளும் உண்டு. மின்சார வேக்யூம் பம்ப் வைக்கலாம். பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் வைக்கலாம், ஆனால் இந்த வண்டியில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. எனக்கு மேனுவல் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான்: எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் பெடல் ஒரே மாதிரி இருக்கும். காலுக்கும் பேடுக்கும் நடுவில் பிரேக் ஆயில் மட்டும்தான். அந்த நேரடித் தொடர்பு எனக்கு ரொம்ப முக்கியம்.

ஆனால் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையே (மிதியைப் பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) முடுக்கிவிட்டால் அது மேனுவல் பிரேக் ஆகிவிடாது. பூஸ்டர் கொடுத்த உதவியை வேறு இரண்டு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று பெடலின் நெம்புகோல் விகிதம், இன்னொன்று மாஸ்டர் சிலிண்டரின் போர், அதாவது உள்விட்டம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அளவு நாடாவோடு உட்கார்ந்தேன்.

பெடல் தொங்கும் பின்னிலிருந்து மிதிகட்டையின் நடுவரை 330 மி.மீ. பெடலின் தள்ளலை மாஸ்டர் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் புஷ்ராடு மாட்டியிருந்த துளை அந்தப் பின்னிலிருந்து 80 மி.மீ. கீழே இருந்தது. விகிதம் ஏறத்தாழ 4.1. பவர் பிரேக்குக்கு இது சரியான அளவு, மேனுவலுக்கு 6-ஐ ஒட்டி வேண்டும். நல்ல வேளையாக இந்தப் பெடலில் தயாரித்தவர்களே மேலே இன்னொரு துளை போட்டிருந்தார்கள், பின்னிலிருந்து 55 மி.மீ. அதில் மாட்டினால் சரியாக 6. இரண்டாவது துளை இல்லாத பெடலில் புதிதாகத் துளை போடுவதாக இருந்தால், அந்த இடத்தில் தகடு எவ்வளவு தடிமன், ஓரம் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துவிட்டுத்தான் டிரில்லை எடுக்க வேண்டும். பெடல் ஒடியக்கூடிய பொருளாக மாறினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

அடுத்து போர். பழைய மாஸ்டர் சிலிண்டர் 1⅛ அங்குலம், பரப்பு 6.4 சதுர செ.மீ. 45 கிலோ அழுத்தத்தில் மிதித்து, பூஸ்டர் உதவி துளியும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பைப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு 29 கிலோதான் கிடைக்கும். அதே மிதி, 6 விகிதம், 1 அங்குல போர் என்றால் 53 கிலோ. ⅞ அங்குலம் என்றால் 70 கிலோ. அப்படியானால் சின்ன போரையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது: போர் சிறுத்தால் அதே அளவு ஆயிலைத் தள்ள பிஸ்டன் கூடுதல் தூரம் போக வேண்டும், அந்தத் தூரத்தைப் பெடல் விகிதம் இன்னும் பெருக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 8 சி.சி. ஆயில் நகர வேண்டும் என்று கணக்குப் போட்டால், பழைய அமைப்பில் பெடல் 5 செ.மீ. இறங்கும், 1 அங்குலத்தில் 9.5 செ.மீ.; ⅞ அங்குலத்தில் 12 செ.மீ.க்கு மேல். பின் டிரம்மில் கொஞ்சம் தேய்மானம் சேர்ந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

நடுவில் இருக்கும் 15/16 அங்குலத்தை எடுத்தேன். கணக்குப்படி அழுத்தம் 61 கிலோ, பெடல் இறக்கம் 11 செ.மீ.க்குள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள இந்த வண்டிக்கு இதுதான் பொருந்தும் என்பது என் முடிவு. பின் டிரம்மில் ஷூக்கள் சுழற்சியால் தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் மிதியின் பெரும்பங்கு பேடை டிஸ்க்கில் அழுத்தும் முன் காலிப்பர்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

மாஸ்டர் சிலிண்டர் வாங்கும்போது பிஸ்டனின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பூஸ்டருக்கான வகையில் புஷ்ராடு உட்காரும் குழி ஆழம் குறைவு. மேனுவலுக்கான வகையில் குழி ஆழமாக இருக்கும், ராடு வெளியே வராமல் பிடித்துக்கொள்ள ஏற்பாடும் இருக்கும். ஆழமில்லாத குழியில் நீள ராடை வைத்து ஓட்டினால், பெடல் வேகமாக மேலே திரும்பும்போது ராடு நழுவி விழ வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு பிரேக்கே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் யாரும் சமாளித்துக்கொள்ளக் கூடாது.

கழற்றும் வேலை சுலபமாக முடிந்தது. பூஸ்டர் போன இடத்தில் வால்வு கவரைச் சுற்றிக் கை போகும் அளவுக்கு இடம் கிடைத்தது. மேனிஃபோல்டில் பூஸ்டர் ஹோஸ் வந்த வாயை மூடி போட்டு இறுக்கினேன். திறந்து விட்டால் காற்று இழுத்து எஞ்சின் தாறுமாறாக ஓடும்.

ஃபயர்வால்தான் நேரம் எடுத்தது. பெடலில் துளை மேலே போனதால் மாஸ்டர் சிலிண்டரும் மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் ராடு சாய்ந்து பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு, 5 மி.மீ. இரும்புத் தகட்டில் பிளேட் செய்து, உள்பக்கம் பெடல் பிராக்கெட்டோடு சேர்த்து போல்ட் போட்டேன். கால் பலம் முழுவதும் இப்போது ராடு வழியாக இந்தத் தகட்டில்தான் போய் முட்டுகிறது. வெறும் ஃபயர்வால் தகடு அதற்கு வளைந்து கொடுக்கும். அந்த வளைவு காலுக்குப் பஞ்சு மாதிரி தெரியும், ஆளும் பைப்பில் காற்று இருக்கிறது என்று நினைத்து அதைத் தேடி வீணாக அலைவார்.

புஷ்ராடு நீளத்தைத் திருகி, ராடின் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1.5 மி.மீ. இடைவெளி விட்டேன். இடைவெளியே இல்லாமல் பிஸ்டனை லேசாக அழுத்தி வைத்தால், ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடிக்கொள்ளும். ஓட ஓட ஆயில் சூடேறி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும்.

மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து, மெதுவாகத் தள்ளித் தள்ளி உள்ளிருந்த காற்றை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினேன். பைப்புகளை 3/16 அங்குலத்தில் புதிதாக வளைத்து, முனையை விரித்து இரட்டையாக மடிக்கும் டபுள் ஃபிளேர் போட்டேன். டிரம் பக்கத்து வாயில், பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ரெசிடுவல் வால்வு வைத்த மாஸ்டர் சிலிண்டர்களும் உண்டு. அந்த வாயை டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும், ஆகவே வாய்களைப் பார்த்துத்தான் இணைத்தேன். அப்புறம் டாட் 4 ஆயில் ஊற்றி, தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கிக் கிட்ட இருக்கும் முன் சக்கரம்வரை ஏர் எடுத்தேன். பின் ஷூக்களையும் டிரம்மை ஒட்டி அட்ஜஸ்ட் செய்தேன். மேனுவலில் அந்த இடைவெளி அப்படியே பெடல் தூரமாக வந்து நிற்கும்.

பேடையும் மாற்றினேன். பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது குளிர்ந்த நிலை உராய்வு, இரண்டாவது சூடான நிலை. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. முன்பு இருந்தது ஈஈ, இப்போது எஃப்எஃப். பூஸ்டர் இல்லாத வண்டியில் இந்த வித்தியாசத்தைக் கால் நன்றாக உணர்கிறது.

பிரேக் லைட் சுவிட்சையும் புதிய பெடல் நிலைக்கு நகர்த்தியாயிற்று.

காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வேகம் கூட்டினேன். மிதி கனம்தான், ஆனால் சீராக இருக்கிறது: எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு பிடிக்கிறது, இரண்டாவது மிதியும் முதல் மிதி மாதிரியே. எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்தாலும் அதே பெடல். நான் எதிர்பார்த்தது இதுதான், மனசு நிறைந்துவிட்டது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சுமை ஏற்றும் பின் தொட்டி காலியாக இருக்கும்போது அழுத்தி மிதித்தால் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொள்கின்றன. பின் பைப்பில் மட்டும், அங்கே போகும் அழுத்தத்தைக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வு வைக்கப் போகிறேன். முதலில் காலி வண்டிக்கு அளவு வைத்து, பிறகு சுமை ஏற்றி நிற்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை ஈரச் சாலையில் இந்த வண்டியை எடுப்பதில்லை.