இ-இன்வாய்ஸுக்கு மாறும் முன் ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று பாருங்கள்

தையல் நூல், எலாஸ்டிக், ஜிப் மொத்த வியாபாரம் எங்களுடையது. 2023 ஆகஸ்டில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று சரக்கை இறக்கிக்கொண்டு பில்லை மட்டும் திருப்பி அனுப்பியது. ஐஆர்என் (அரசு போர்ட்டலில் பில்லை ஏற்றினால் கிடைக்கும் எண்) இல்லை, க்யூஆர் கோடு இல்லை, இதை வைத்து இன்புட் (எங்களுக்குக் கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, சரியான பில் வந்தால்தான் பணம் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் ஏற்றி ஐஆர்என் வாங்கிய பில், போட வேண்டியவர் சாதா பில் கொடுத்தால், ஜிஎஸ்டி விதி 48(5)படி அது பில்லே இல்லை.

அந்த மாதம் முதல் தேதியில்தான் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகும் ஆண்டு டர்ன்ஓவர் வரம்பு 10 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறங்கியிருந்தது. எங்கள் ரிட்டர்ன் போடுபவரிடம் முன்பே கேட்டோம். போன வருட டர்ன்ஓவரைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு வராது" என்றார். விதி அப்படி இல்லை. 2017-18இலிருந்து ஏதாவது ஒரு வருடம் தாண்டியிருந்தாலே போதும், அதன்பின் வியாபாரம் குறைந்தாலும் விலக்கு கிடையாது. ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான் கணக்கு. நாங்கள் 2021-22இலேயே தாண்டிவிட்டோம்.

சரி, இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் நாமே பதிவு செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த இடி. ஓடிபி எங்களுக்கு வரவில்லை. ஜிஎஸ்டி வந்த புதிதில் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தபோது அந்த ரிட்டர்ன் போடும் மனிதர் தன் மொபைலையும் தன் மெயிலையும் கொடுத்திருக்கிறார். வேறு ஆளிடம் போகிறோம் என்று தெரிந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் தொழிலின் சாவி இன்னொருவர் சட்டைப்பையில் இருந்தது. இன்றும் நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

இதற்கு வழி இருக்கிறது. உங்களுக்குரிய வரி அதிகாரியிடம் அடையாளச் சான்று, தொழில் ஆவணங்களோடு நேரில் போனால், அவரே புது மொபைலையும் மெயிலையும் ஏற்றி பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பார். ஆனால் "உங்களுக்குரிய" என்பதைக் கவனியுங்கள். நாங்கள் மாநில அலுவலகத்தில் போய் நின்றோம். மதியம்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "நீங்க சென்ட்ரல் ஜிஎஸ்டி ஆபீஸுக்குக் கீழ வர்றீங்க, இங்க வரக்கூடாது" என்றார் ஒரு ஊழியர். காலையிலேயே ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த அலுவலகம் என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சரியான இடத்தில் வேலை மளமளவென்று முடிந்தது. தற்காலிகப் பாஸ்வேர்டு எங்கள் மெயிலுக்கு வந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பில் போடும் மென்பொருளைப் போர்ட்டலோடு இணைப்பது ஒரு சாயங்கால வேலை. அப்புறம்தான் பழைய லெட்ஜர்கள் வேலை வைத்தன. பெங்களூரு பார்ட்டிக்குத் தமிழ்நாட்டுப் பின்கோடு, கேன்சல் ஆன ஜிஎஸ்டி எண் என்று ஒவ்வொன்றாகப் பிழை காட்டியது. எங்கள் பில் நம்பர் 001 என்று தொடங்கும். பூஜ்யத்தில் தொடங்கினால் போர்ட்டல் ஏற்காது, வரிசையையே மாற்ற வேண்டியிருந்தது. முதல் பில் போடுவதற்கு முன்பே பார்ட்டி விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள், லாரி வாசலில் நிற்கும்போது அல்ல.

தவறான பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ஈ-வே பில் (சரக்கை லாரியில் அனுப்ப எடுக்கும் சீட்டு) போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது. நேரம் தாண்டிவிட்டால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு)தான்.

திரும்பி வந்த பில்லுக்கு ஐஆர்என் எடுத்து அனுப்பினோம், பணம் வந்தது. நாள் கடந்த பில்லையும் அப்போது ஏற்ற முடிந்தது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடியும் அதற்கு மேலும் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு, பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்ற கெடு வந்துவிட்டது. ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனைக் கணக்கு காட்டும் ரிட்டர்ன்) விவரங்கள் தானாக வந்து உட்காருவது பெரிய ஆறுதல்.

இப்போது போர்ட்டலுக்குள் நுழையவே ஓடிபி வேண்டும். பில் போடும் பையனுக்கு அவன் மொபைல் எண்ணிலேயே சப்-யூசர் (தனி லாகின்) உருவாக்கிக் கொடுத்துவிடுங்கள். அவன் வேலையை விட்டால் அன்றே அதை முடக்கிவிடுங்கள். முதன்மை எண் மட்டும் முதலாளி கையில் இருக்கட்டும்.