முயல் வேஷக்காரர்

ரெண்டு நாளா பேட் பன்னி (Bad Bunny)ங்கிற பாடகரோட பாட்டுதான் ஓடிட்டிருக்கு. ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா தலை தானா ஆடுது.

நிஜப் பேரு பெனிட்டோ. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவுல வேகா பாஹா ஊர்க்காரர். அப்பா லாரி டிரைவர், அம்மா டீச்சர். சின்னப் பையனா இருந்தப்போ முயல் வேஷம் போட்டுவிட, மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு ஒரு போட்டோ. இங்கிலீஷ்ல பன்னின்னா முயல்; மேடைப் பேரு வந்தது அதுலேர்ந்துதான். வளர்ந்தப்புறம் சூப்பர் மார்க்கெட்ல சாமானைப் பையில போட்டுக் கொடுக்கிற வேலை. மீதி நேரத்துல சவுண்ட்கிளவுட்ங்கிற இணையதளத்துல தன் பாட்டை ஏத்துவார். 2016ல அதுல ஒண்ணு ஒரு டிஜே காதுல விழுந்துச்சு. அப்புறமென்ன, 2020, 2021, 2022 மூணு வருஷமும் ஸ்பாட்டிஃபைல உலகத்துலயே அதிகம் கேட்கப்பட்ட ஆளு.

எனக்குப் பிடிச்சது அந்தக் கணக்கு இல்ல. இவ்வளவு உயரம் போயும் இங்கிலீஷுக்குத் தாவலை. 2025ல சொந்த மண்ணுல, சான் ஹுவான்ல 30 கச்சேரி அறிவிச்சார். முதல் 9 உள்ளூர் ஜனங்களுக்கு மட்டும்! அந்த வருஷ ஆல்பத்து அட்டையில அவர் முகமே இல்ல. வாழை மரத்துக்கு முன்னாடி ரெண்டு வெள்ளை பிளாஸ்டிக் சேர், காலியா.