ஒயில் எங்கே போகிறது: 1981 பென்ஸ் காரின் பவர் ஸ்ரியரிங் வேலை

விசுவமட்டில் எங்கள் வீட்டிலிருந்து பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு ஏறும் ஒழுங்கை கிரவல் ஒழுங்கை. அதன் முடக்கில் காரைத் திருப்பும்போதுதான் இந்தக் கோளாறு முதன்முதலில் என் கைக்குத் தெரிந்தது. ஆடி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். காலையில் இயந்திரத்தை இயக்கி ஸ்ரியரிங்கைத் திருப்பினால் முன்பக்கத்திலிருந்து கன்றைத் தேடும் பசுவைப் போல ஒரு முனகல் எழும். சூடேறியதும் முனகல் அடங்கிவிடும். ஆனால் மெதுவாக ஓடும்போது ஸ்ரியரிங் கனக்கும், அதுவும் இடப்பக்கம் திருப்பும்போது கூடுதலாகக் கனக்கும்.

கார் மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி. 1976 முதல் 1985 வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் வெளிவந்த டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. ஒயிலின் அழுத்தத்தால் திருப்புவதை இலகுவாக்கும் பவர் ஸ்ரியரிங் அந்த வரிசையின் எல்லாக் கார்களுக்கும் பொதுவானது 1982 இல்தான். அதற்கு முன்னர் இது போன்ற மாதிரிகளுக்கு மேலதிகப் பணம் கட்டியே அதை வாங்க வேண்டியிருந்தது. என் காரின் முதல் உரிமையாளர் அந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அவற்றைத் திருப்பியது ஓட்டியவரின் தோள்தான்.

முனகல் கேட்டதும் அந்த ஒயிலைத் தள்ளும் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் ஒன்றை விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். அதைத் தடுத்தவர் அயலில் இருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர்; ஊரில் எல்லாருக்கும் அவர் பெரியண்ணை. "தம்பி, ஒயில் குறையுது எண்டால் அது எங்கையோ போகுது. முதல்ல எங்க போகுது எண்டு பார், பிறகு பம்பை வாங்கு" என்றார். மாதத்துக்கு ஒரு தடவை நான் ஒயில் ஊற்றிவந்ததை அவர் கவனித்திருக்கிறார். நான்தான் அதை ஒரு கோளாறாக எண்ணவில்லை.

முதலில் பெல்ட்டைப் பார்த்தேன். பெல்ட் சுற்றும் புலி (pulley) என்னும் உருளைகள் இரண்டுக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்தியபோது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தது; வெடிப்பும் இல்லை, பளபளப்பும் இல்லை. பெல்ட் வழுக்கினால் வரும் ஒலி கிறீச்சென்று இருக்குமேயன்றி முனகலாக இருக்காது என்பதால் அதை அத்துடன் விட்டுவிட்டேன்.

அடுத்து முன்சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து உயர்த்தினேன். எங்கள் வளவில் மண் இளகியது, ஜக் வைத்தால் புதையும். ஆகவே பனங்குற்றி இரண்டை மண்ணில் பதித்து, அவற்றின் மேல் இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பின்னரே காரை அவற்றில் இறக்கினேன். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பதற்கு நான் உடன்படுவதில்லை. இயந்திரத்தை நிறுத்திவைத்து மகனை ஸ்ரியரிங்கைத் திருப்பச் சொல்லி, கீழே படுத்துப் பார்த்தேன். இந்தச் சோதனை எளியது, ஆனால் பெறுமதியானது: சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போதும் ஓரிடத்தில் இறுகினால் குற்றம் மூட்டுகளிலோ, திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும் ஸ்ரியரிங் பொக்ஸிலோ இருக்கிறது, இறுகாமல் சீராகத் திரும்பினால் ஒயில் பக்கத்தைத் தேட வேண்டும். இங்கே சீராகத்தான் திரும்பியது. ஆனால் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் ஸ்ரியரிங் பொக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஐட்லர் ஆம் என்னும் தாங்குகை மேலும் கீழும் ஆடியது. அது சுழலும் குழல் போன்ற புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கனத்துக்குக் காரணம் அதுவல்ல என்றாலும் மாற்றவேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்தக் காரில் பம்பின் மேலேயே வட்டமான ஒயில் தொட்டி இருக்கிறது. மூடியின் நடுவில் உள்ள செவி நட்டைக் கழற்றினால் சுருள்வில் ஒன்று, அதன் கீழே கடதாசி வடி. ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு மூடியைத் திறந்தபோது ஒயிலின் மேல் பால் கோப்பி நுரையைப் போல ஒரு படலம் நின்றது. வடி கறுத்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. நுரை இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒயில் வெளியே பீறும், காற்று உள்ளே வராது. பம்ப் ஒயிலை உறிஞ்சும் பக்கத்தில் இடைவெளி இருந்தால்தான் காற்று புகும். வடி அடைபட்டாலும் பம்ப் ஒயிலுக்காகத் திணறும். காலையில் ஒயில் தடிப்பாக இருக்கையில் அந்தத் திணறலே முனகலாகக் கேட்கும்.

அன்றிரவு காரின் கீழே பெரிய காட்போட் மட்டையொன்றை விரித்துவைத்தேன். விடியப் பார்த்தால் மூன்று பொட்டுகள்: பம்பின் முன்பகுதிக்கு நேரே ஒன்று, அழுத்தக் குழாயின் இறப்பரும் இரும்பும் சேரும் இடத்துக்கு நேரே இரண்டாவது, ஸ்ரியரிங் பொக்ஸின் அடியில் மிகச் சிறியதாக மூன்றாவது. புலியின் பின்புறத்திலும் ஒயில் சுழன்று தெறித்த கோடு வட்டமாகப் படிந்திருந்தது. பம்பின் அச்சு சீல், அதாவது அச்சைச் சுற்றி ஒயிலை அடைத்து நிற்கும் இறப்பர் வளையம், ஒழுகுவதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரே நேரத்தில் மூன்று இடங்கள் ஏன் ஒழுகவேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. நாற்பது வயதுக் கார் என்று சொல்லி நான் சமாதானமடையப் பார்த்தேன். பெரியண்ணை விரலில் ஒரு துளி எடுத்து முகர்ந்துவிட்டு, "இதுக்க பிறேக் ஒயில் விட்டிருக்கிறாங்கள்" என்றார். பவர் ஸ்ரியரிங்குக்கு உரியது டெக்ஸ்ரோன் வகை ஏரிஎவ் (ATF) என்னும் சிவப்பு ஒயில், அது பெற்றோலியத்திலிருந்து வருவது. பிறேக் ஒயிலோ கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது, தண்ணீரோடு கலக்கக்கூடியது. ஏரிஎவ்வுக்கென்று செய்த இறப்பர் சீல்கள் பிறேக் ஒயிலில் ஊதி மெதுமெதுத்துவிடும்.

முகர்ந்து பார்த்ததை மட்டும் வைத்து முடிவுசெய்ய மனம் வரவில்லை. ஜாம் போத்தல் இரண்டை எடுத்து இரண்டிலும் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒன்றில் புதிய ஏரிஎவ்வையும் மற்றதில் தொட்டியிலிருந்து எடுத்த ஒயிலையும் ஊற்றி நன்றாகக் குலுக்கி, இரவு முழுவதும் குசினி யன்னலில் வைத்தேன். காலையில் முதலாவது போத்தலில் சிவப்பு மேலே தெளிவாக மிதந்தது, கீழே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இரண்டாவதில் மேலே மண்ணிறம், கீழே தண்ணீர் கலங்கி, நீர்த்த தேநீரின் நிறத்தில் நின்றது. இது ஆய்வுகூடச் சோதனை அன்று; ஆயினும் தண்ணீரில் கரையும் ஏதோவொன்று அந்த ஒயிலில் இருந்தது என்பதற்கு எனக்கு இது போதுமாயிருந்தது. எவர், எப்போது ஊற்றினார் என்று நான் தேடவில்லை. பாவித்த பம்பை வாங்கிப் பூட்டியிருந்தால் அதன் சீல்களும் இதே ஒயிலில் ஊறிச் சில மாதங்களில் இதே நிலைக்கு வந்திருக்கும்.

பம்புக்கான சீல் தொகுதி, தொட்டியின் வடி, ஐட்லர் ஆம் புஷ் ஆகியவற்றைப் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒருவர் இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விடியக் கிளிநொச்சியில் எடுத்துக்கொண்டேன். அழுத்தக் குழாய்க்குக் கொழும்புவரை போகவில்லை. கார்களின் பவர் ஸ்ரியரிங்கில் அழுத்தம் 70, 80 பார் வரை ஏறும், அதாவது ரயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல முப்பது நாற்பது மடங்கு. சாதாரண இறப்பர் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கி அதைத் தாங்கவைக்க முடியாது. ஆனால் அறுவடை இயந்திரங்களும் மண்வெட்டும் இயந்திரங்களும் நிறைந்த வன்னியில் ஹைட்ரோலிக் குழாய் அழுத்தித் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய குழாயின் இரும்பு முனைகளை வெட்டியெடுத்து, புதிய குழாயில் அழுத்திப் பொருத்தித் தந்தார்கள். முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கழற்றுவதற்கு முன்னரே வெள்ளைப் பெயின்ரால் கோடு போட்டுவைத்தது நல்லதாயிற்று.

பம்பைக் கழற்றி வீட்டு விறாந்தையில் பழைய வேட்டித் துண்டை விரித்து அதன் மேல் பிரித்தேன். புலியைத் தட்டிக் கழற்றக் கூடாது, புல்லர் போட்டே இழுக்க வேண்டும். தட்டினால் அச்சு உள்ளே நகர்ந்து தகடுகளைக் கெடுத்துவிடும். உள்ளே முட்டை வடிவ வளையத்துக்குள் ஒரு சுழலி; அதன் வெட்டுகளில் வழுகி ஓடும் மெல்லிய இரும்புத் தகடுகள். சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே எறியப்பட்டு வளையத்தின் சுவரோடு உரசி ஒயிலைத் தள்ளுகின்றன. தகடுகளின் வட்டமான விளிம்பு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றாக எடுத்து அதே வரிசையில் துணியில் அடுக்கினேன். வளையத்தின் சுவரில் கீறல் இல்லை, தகடுகள் எதுவும் சிக்கவில்லை. நான் எறிய நினைத்த பம்ப் நல்ல பம்ப்.

பழைய அச்சு சீலை நெம்பி எடுத்தபோது அதன் உதடு விரலில் மை போல ஒட்டியது. அச்சில் சீல் உரசிய இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் தட்டியது. தேய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் புதிய சீலின் உதடும் உட்கார்ந்தால் மீண்டும் ஒழுகும். சீலின் குழி சற்று ஆழமாக இருந்ததால், புதிய சீலை அடிமட்டம் வரை தட்டாமல் ஒரு மில்லிமீற்றர் முன்னே நிறுத்தினேன், உதடு தேயாத பகுதியில் விழுந்தது. தட்டுவதற்குப் பெரிய சொக்கற் ஒன்றை வைத்துச் சுற்றிவரச் சமமாகத் தட்டினேன்.

இங்கேதான் ஒரு பிழை விட்டேன். தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் இருந்த ஓ றிங் என்னும் இறப்பர் வளையம் பார்வைக்கு நன்றாக இருந்தது. தொகுதியில் வந்த றிங் அதைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரிந்ததால் பொருந்தாது என்று எண்ணிப் பழையதையே போட்டுப் பூட்டிவிட்டேன்.

பூட்டியபின் திரும்பிவரும் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, தொட்டியில் அந்தக் குழாய் பொருந்தும் வாயை அடைத்தேன். சில்லுகளை உயர்த்தி, இயந்திரத்தை இயக்காமல் மகன் ஸ்ரியரிங்கை அந்தம் முதல் அந்தம் வரை திருப்பத் திருப்ப மண்ணிற ஒயில் வெளியே வந்தது. நான் மேலே புதிய ஏரிஎவ்வை விட்டுக்கொண்டே இருந்தேன். இந்தக் காருக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல் போதும், ஆனால் சிவப்பாக வரும்வரை மூன்று லீற்றர் செலவாயிற்று. பிறகு குழாயை இணைத்து, இன்னும் இருபது தடவை இயந்திரத்தை நிறுத்திவைத்தே திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். இயந்திரத்தை இயக்கியபின் ஸ்ரியரிங்கை ஒரு பக்க அந்தத்தில் ஐந்து விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. அந்நேரம் பம்ப் முழு அழுத்தத்தில் நின்று ஒயிலைக் கொதிக்க வைக்கும்.

கனம் போயிருந்தது, முனகல் போகவில்லை. தொட்டியைத் திறந்தால் மறுபடியும் நுரை. ஒரு நாள் முழுவதும் குழாய்களின் இறுக்கத்தைச் சந்தேகித்துவிட்டு, பின்னேரம்தான் அந்தப் பழைய ஓ றிங் நினைவுக்கு வந்தது. தொட்டியைக் கழற்றிப் புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்தேன். புதியது சிறிதல்ல, பழையதுதான் பிறேக் ஒயிலில் ஊதிப் பெருத்திருந்தது. விரலால் அமுக்கினால் திரும்பி எழாமல் தட்டையாகவே கிடந்தது. புதிய றிங் தன் குழியில் சிக்கென உட்கார்ந்தது. அடுத்த நாள் காலை முனகல் இல்லை, நுரையும் இல்லை.

ஐட்லர் ஆம் புஷ் வேலை அரை நாளில் முடிந்தது. துருப்பிடித்த போல்ற்றுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டுவைத்ததைத் தவிர அதில் எழுத எதுவுமில்லை.

கடந்த ஞாயிறு பரந்தன் வழியாக ஏ9 வீதியில் முறிகண்டிவரை ஓடினேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஒழுங்கை முடக்கை ஒரு கையால் திருப்பினேன். வீட்டில் மீண்டும் காட்போட் மட்டையை விரித்தேன். முன்னைய மூன்று பொட்டுகளில் இரண்டு இல்லை. ஸ்ரியரிங் பொக்ஸின் அடியில் இருந்த சிறிய பொட்டு இருக்கிறது, இப்போது சிவப்பாக. பிறேக் ஒயிலில் ஊறியது அங்கே உள்ள சீலும்தான். அதற்குப் பொக்ஸையே கீழே இறக்க வேண்டும். சீலைச் சொல்லிவைத்திருக்கிறேன், பெரும்போக விதைப்பு முடியட்டும் என்று பெரியண்ணை சொல்கிறார்.