செல்போன் கோபுரத் தரவில் நகரத்தைப் படிக்கும்போது

செல்போன் கோபுரப் பதிவுகளை வைத்து நகரத்தின் போக்குவரத்தை ஆராய்பவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது: அதில் இருப்பது ஆள் நின்ற இடமல்ல, அவருடைய போன் தொடர்புகொண்ட கோபுரம். நகர மையத்தில் பிழை சில நூறு மீட்டர், புறநகரில் சில கிலோமீட்டர்.

வீடு எதுவென்று கணிக்க, இரவு 10 முதல் காலை 6 வரை, பல வாரங்களில் அதிக நாட்கள் பதிவான கோபுரத்தை எடுப்பது வழக்கம். இரவுப் பணிக்காரர்களுக்கு இது தலைகீழாகிவிடும். வேலையிடமே வீடாகப் பதிவாகும்.

பெரிய தொல்லை, தாவல். அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் போன்கூட இரண்டு கோபுரங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே எண்ணினால் நடக்காத பயணங்கள் கணக்கில் ஏறும். சில நிமிடங்களுக்குள் பழைய கோபுரத்துக்கே திரும்பினால் இரண்டையும் ஒரே இடமாகச் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாத வரைபடத்தை நம்பிப் பேருந்துத் தடம் போடவே கூடாது.

தரவில் எல்லோரும் இருப்பதில்லை. ஒரு பகுதியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 20,000 பேர், தரவில் 4,000 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் எடை 5, அதாவது தரவில் உள்ள ஒருவரை ஐந்து பேராக எண்ண வேண்டும். ஆனால் போனே இல்லாத குழந்தைகளையும் முதியவர்களையும் எந்த எடையும் கொண்டுவராது. இரண்டு சிம் வைத்திருப்பவர் இருவராக எண்ணப்படுவார்.

பெயரை நீக்கினால் போதும் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். 15 லட்சம் பேரின் 15 மாதத் தரவை ஆராய்ந்த 2013 ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95% பேரைத் தனித்துக் காட்டின. தனிநபர் தடங்களை வெளியிடாமல், பகுதிவாரி மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். மிகச் சிறிய எண்களை மறைத்துவிடுங்கள்.